ஆயில் ஊத்தியாச்சா

ஊத்தினேனா? அடுப்புக்கல் என்று அவன் பேர் வைத்திருந்த மூன்று பாறைகளில் முதல் கல்லில் முன்சக்கரம் ஏறி, பின்சக்கரம் இன்னும் சரளையில் கிடந்த அந்த நொடியில்தான் இந்தச் சனியன் பிடித்த கேள்வி சென்னியப்பனின் மண்டைக்குள் நுழைந்தது. நுழைவதற்கு அதற்கு வேறு நேரமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. வீட்டில் பல் தேய்க்கும்போது வந்திருக்கலாம், வண்டியை டெம்போவில் ஏற்றிக் கயிறு கட்டும்போது வந்திருக்கலாம், இந்த வறண்ட பள்ளத்தில் இறக்கி வைத்து கேனிலிருந்து டேங்குக்குப் பெட்ரோல் சாய்த்தபோதாவது வந்திருக்கலாம். அப்போதெல்லாம் மனசு கழுவித் துடைத்த தட்டு மாதிரி சும்மா கிடந்தது. இப்போது உடம்பு முழுக்க ஹேண்டில்பாரின் மேல் சாய்ந்திருக்க, இடது கையின் ஒற்றை விரல் கிளட்ச்சைப் பிடித்திருக்க, ஆயில் ஊத்தினேனா என்று கேட்கிறது. ஊத்தியிருப்பான். ஊத்தாமல் என்ன. பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செய்கிற வேலை, கை பாட்டுக்குச் செய்துவிடும். கை பாட்டுக்குச் செய்துவிடும் என்பதுதான் இப்போது வினையாகிவிட்டது, கை செய்ததை மனசு எங்கே பார்த்தது? மாட்டுக்கு ஊசி போடுகிற அந்தப் பெரிய சிரிஞ்சில் கோடு வரைக்கும் ஆயிலை இழுத்து, கேனுக்குள் அழுத்தினால் சிவப்பு நூலாக இறங்கும், மூடியைத் திருகிக் குலுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சிவப்பு நூல் இறங்குவது அவனுக்குக் கண்ணெதிரே நன்றாகத் தெரிகிறது. ஆனால் எந்த ஞாயிற்றுக்கிழமை நூல் அது? ஒரு நூலுக்குப் பின்னால் கரண்ட் போய் ஷெட் இருட்டாக இருக்கிறது, அது இன்றைக்கில்லை, இன்றைக்குக் கரண்ட் இருந்தது. இன்னொரு நூலுக்குப் பின்னால் பக்கத்து வீட்டில் நாய் குரைக்கிறது, நாய் எல்லா நாளும்தான் குரைக்கும். பின்சக்கரம் கல்லில் மோதியது, அவன் முழங்காலை மடக்கி நிமிர்த்தினான், வண்டி ஏறியது. ஏறிவிட்டதே என்று சந்தோஷப்படக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

இந்த வண்டியைப் பார்க்கிறவர்கள் சீட்டை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைப்பார்கள். இதற்குச் சீட்டே கிடையாது. டிரையல்ஸ் வண்டி, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். பின்னால் உட்கார இடம் கேட்டு ஒரு சொந்தக்காரன் வர மாட்டான், அது ஒரு லாபம் என்று அவன் சொல்லிக்கொள்வான். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிடலாம், அத்தனை லேசு. வேகம் என்கிற பேச்சே இதில் இல்லை, நடக்கிறவன் வேகம்தான், பாறையிலும் பள்ளத்திலும் கால் தரையில் படாமல் போக வேண்டும். கால் ஊன்றினால் ஒரு புள்ளி, புள்ளி என்பது இங்கே பரிசு இல்லை, குற்றம். எல்லாம் சரி, ஆனால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். காருக்கு இருப்பது போல இதற்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது, பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற ஆயில்தான் பிஸ்டனுக்குச் சோறும் தண்ணீரும். கலக்க மறந்தால் வண்டி அதற்காக நின்றுவிடாது, அதுதான் கொடுமை. வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும், இன்னும் கொஞ்சம் ஜோராகக்கூட ஓடும், உள்ளே பிஸ்டன் மட்டும் வறண்டு, சூடேறி, உப்பி, ஒரு பாறையின் நட்டநடுவில் கப்பென்று பிடித்துக்கொள்ளும். புகை வருகிறதா? வருகிறது. புகை வந்தால் ஆயில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் குளிர்ந்த எஞ்சின் முதலில் கொஞ்சம் புகையத்தான் செய்யும், போன வாரத்து மிச்சம் டேங்கின் அடியில் கிடந்தால் அதுவும் கொஞ்ச நேரம் புகையும். புகையை எப்படி நம்புவது. டேங்கும் கறுப்பு, கேனும் கருநீலம், நிறத்தைப் பார்க்கவும் வழியில்லை. இப்படிப் பின்னால் திரும்பிப் புகையைப் பார்த்துக்கொண்டே போனதில் இரண்டாவது கல்லில் முன்சக்கரம் வழுக்கி அவனுடைய வலது கால் தரையில் ஊன்றிவிட்டது. மேலே பாறையில் நின்றிருந்த அவன் மனைவி அம்சவேணி ஒரு விரலைக் காட்டினாள். இரண்டாவது கல்லில் அவன் கால் வைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாமல் வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு மட்டும் தெரிந்தது.

வண்டியை ஓரம்கட்டி, கேனைத் திறந்து, விரலை விட்டுப் பார்த்தால் முடிந்தது கதை. வெறும் பெட்ரோல் என்றால் விரலில் சில்லென்று இருந்துவிட்டுக் காற்றோடு போய்விடும், ஆயில் கலந்திருந்தால் வழவழவென்று நிற்கும். ஏன் பார்க்க மாட்டேன் என்கிறான்? காற்று கம்மியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று ஏதாவது ஒரு சப்பைக்கட்டு கட்டிவிட்டு இறங்கலாமே. இறங்கினால் அம்சவேணி வந்துவிடுவாள். வண்டி மல்லாந்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளைக் கூட்டிவர ஆரம்பித்தான், இப்போது அவன் மல்லாந்தால் பிடித்துக்கொள்ள வந்திருக்கிறாள். ஆடிமாதத்தில் இதே பள்ளத்தில் மேலே இருக்கிற மொட்டைப் பாறையிலிருந்து பின்பக்கமாக விழுந்தான். ஹெல்மெட் வெடித்துவிட்டது. கண் விழித்தபோது அவள் மடியில் தலை இருந்தது என்பார்கள், அவனுக்கு அது ஞாபகம் இல்லை, ஆஸ்பத்திரி மின்விசிறிதான் ஞாபகம். ஸ்கேன் பார்த்த டாக்டர் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆனால் செய்ததையே மறுபடி செய்வது, செய்தது ஞாபகமில்லாமல் போவது, அப்படி ஏதாவது கண்டால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் கூட்டிவாருங்கள் என்றார். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், ஆனாலும் அவனிடம் சொல்லவில்லை, அம்சவேணியிடம் சொன்னார். ஏதோ மளிகைக் கடையில் மூட்டையை இறக்கிவிட்டு நனையாமல் பார்த்துக்கோ என்று சொல்வது மாதிரி. அன்றிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட் பூட்டினானா என்று அவன் போனபிறகு போய் இழுத்துப் பார்க்கிறாள், காஸ் மூடினானா என்று அவன் திரும்பியதும் திருகிப் பார்க்கிறாள். ஏதாவது தெரியுதுங்களா என்று அவள் கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். ஒன்றுமில்லை இல்லை. அவனுடைய ரிப்பேர் கடையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும்போது எண்ணிக்கை இரண்டு தரம் நழுவிவிட்டது. இருபது வருஷத்தில் நழுவாத எண்ணிக்கை. சுற்றியதை எல்லாம் அவிழ்த்து முதலிலிருந்து சுற்றினான், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அவிழ்த்தான். ஒருநாள் தன் வீடு என்று நினைத்துக் கீழ்வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். அதெல்லாம் யாருக்கும் வருவதுதான், தூக்கம் போதாவிட்டால் வருவதுதான். ஆனால் பயமாக இருக்கிறது. வண்டி போய்விடுமே என்ற பயம் என்று அவன் தனக்குத்தானே பூசி மெழுகிக்கொள்கிறான். வண்டி போனால் வேறு வண்டி. கடைக்குப் போகிற வழி போய்விட்டால்? கடையைத் திறந்து காயிலைக் கையில் எடுத்தபின் இதை என்ன செய்வது என்று நின்றால்? இவள் பெயர்? அந்த இடத்துக்கு வந்ததும் அவன் மனசு சூடுபட்ட கை மாதிரி பின்வாங்கிக்கொள்ளும், ஆயில் ஊத்தினேனா என்ற கேள்விக்கே திரும்பி வந்துவிடும். அந்தக் கேள்வி அதைவிடச் சின்னது.

மூன்றாவது கல்லுக்குக் கீழே வந்ததும் எஞ்சின் தானாகவே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பட்பட்டென்று இருமுகிறது, இழுக்கிறேன் என்று இழுத்துவிட்டு விட்டுவிடுகிறது. பிடிக்கப்போகிறது, பிஸ்டன் பிடிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்ச்சை இழுத்தான், எஞ்சின் ஒரு தரம் குலுங்கி அணைந்தது. பள்ளத்தில் திடீரென்று அத்தனை அமைதி. அவன் கிக்கரை மெதுவாக மிதித்துப் பார்த்தான். பிடித்திருந்தால் இறங்காது. இறங்கியது. வழக்கம்போல, நோகாமல் இறங்கியது. பிடிக்கவில்லை. அப்படியானால் என்ன? மடியில் கட்டியிருந்த பையிலிருந்து பிளக் ஸ்பேனரை எடுத்துக் கழற்றினான், பிளக் சூட்டோடு உள்ளங்கையில் வந்து விழுந்தது, கறுப்பாக, ஈரமாக, நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்க. வறண்ட பிளக் இல்லை. ஆயிலில் முங்கிக் குளித்த பிளக். இருக்கிறது! ஆயில் இருக்கிறது, ஊத்தியிருக்கிறான், கை செய்ததை மனசு பார்க்காவிட்டால் என்ன, கை செய்திருக்கிறது அல்லவா. அவனுக்கு உச்சி குளிர்ந்தது. வண்டியைப் பாறையில் சாய்த்துவிட்டு, நாலு எட்டில் டெம்போவுக்குப் போய், கேனைத் திறந்து விரலை விட்டான், இப்போது பயமில்லாமல், கையெழுத்துப் போடப் போகிறவன் மாதிரி. விரலில் வழவழவென்று நின்றது. கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தான். பெட்ரோல் பறந்துபோன பிறகும் விரலை விட்டுப்போகாமல் வழுக்கியது, பிசுபிசுத்தது, விரல் ரேகை தெரியாத அளவுக்குச் சிவப்பு. பதினோரு வருஷ விரல் அது, அதற்குத் தெரியும். ஆயில் அதிகமாகித்தான் பிளக் நனைந்து எஞ்சின் அணைந்திருக்கிறது, இது ஒரு சிரிஞ்ச் இல்லை. இரண்டு.

செய்ததையே மறுபடி செய்வது என்று டாக்டர் சொன்ன வார்த்தை அப்படியே அவருடைய குரலில் காதுக்குள் கேட்டது. மறந்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது, மறப்பது எல்லோருக்கும் உண்டு. அவன் கேனை மூடினான். மூடினோமா என்று மறுபடி திருகிப் பார்த்தான், பார்த்துவிட்டு, அப்படித் திருகியதற்காகவே தன் கையைப் பார்த்துப் பயந்தான். இரண்டு தரம் சிரிஞ்சை இழுத்திருக்கிறான். முதல் தரம் ஊத்திவிட்டு, குலுக்கிவிட்டு, சிரிஞ்சைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு அடி நகர்ந்து, திரும்பி, ஆயில் ஊத்த வேண்டுமே என்று மறுபடி எடுத்திருக்கிறான். அந்த இரண்டு ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. ஒரே ஷெட்டுக்குள், ஒரே லுங்கியில். இரு, இரு. இரண்டாவது ஆள் தான்தான் என்று யார் சொன்னது? இந்த யோசனை வந்ததும் அவன் அப்படியே டெம்போவின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டில் இன்னொரு ஜோடிக் கை இருக்கிறதே. அம்சவேணிக்கு ஆயில் கலக்கத் தெரியும், அவன்தான் சொல்லிக்கொடுத்தான், போன வருஷம் கை சுளுக்கிக் கிடந்தபோது முழுக்க அவள்தான் கலந்தாள். பூட்டை இழுத்துப் பார்ப்பவள், காஸைத் திருகிப் பார்ப்பவள், இவன் மறந்திருப்பான் என்று கேனிலும் ஒரு சிரிஞ்ச் ஊத்தியிருக்க மாட்டாளா? ஊத்தியிருப்பாள். நிச்சயமாக ஊத்தியிருப்பாள். அப்படியானால் அவன் ஒரு தரம், அவள் ஒரு தரம், கணக்கு நேராகிவிட்டது, அவன் மண்டையில் ஒரு குறையும் இல்லை, அவளுடைய சந்தேகப் புத்திதான் பிளக்கைக் கெடுத்தது. கேட்டால் தெரிந்துவிடும். கேட்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. அவள் ஆமாம் என்றால் அவன் முழு மனுஷன். இல்லை என்றால்? பிளக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க உட்கார்ந்தான். தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தான். எப்படிக் கேட்பது? நீ ஊத்தினாயா என்று கேட்டாலே அவளுக்குத் தெரிந்துவிடும். சாதாரணமாக, வேறு எதையோ பேசுகிற மாதிரி கேட்க வேண்டும், முகத்தைப் பார்க்காமல், பிளக்கை ஊதிக்கொண்டே. அவள் பாறையிலிருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டது, கேன்வாஸ் ஷூ சரளையில் நறநறவென்றது. என்னாச்சுங்க மாமா, ஏன் நின்னுபோச்சு என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் குந்தினாள். பிளக்கு கொஞ்சம் நனைஞ்சுபோச்சு, வேற ஒண்ணுமில்லை என்றான். அவள் அவன் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஊதினான்.

"ஏம்புள்ள, காலைல கேன்ல நீ ஏதும் ஆயில் ஊத்துனயா?"

அவள் யோசிக்கவே இல்லை. "ஆமாங்க மாமா, நாந்தான் ஊத்துனேன். நீங்க தண்ணி வாத்துட்டு இருந்தீங்கல்ல, அப்ப."

அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதை மறைப்பதற்காக அவளை வாய்க்கு வந்தபடி திட்டினான், சொல்லிவிட்டு ஊத்த வேண்டியதுதானே, யாரைக் கேட்டு ஊத்தினாய், நான் என்ன பச்சைப்பிள்ளையா, பிளக்கு பார் கரிக்கட்டை மாதிரி ஆகிவிட்டது என்று. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். தப்புதானுங்க, இனிமேல் சொல்லிவிட்டுச் செய்கிறேன் என்றாள். இத்தனை வருஷத்தில் அவன் திட்டி அவள் இப்படிக் கேட்டுக்கொண்டதில்லை, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித்தான் கொடுப்பாள். அதை அவன் அப்போது கவனிக்கவில்லை. பையில் இருந்த புது பிளக்கைப் பூட்டினான், டேங்கைக் கவிழ்த்துவிட்டு டெம்போவில் உபரியாக வைத்திருந்த வெறும் பெட்ரோலையும் கேனில் இருந்ததையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினான், அளவு சரியாக வந்தது, பார், எவ்வளவு சரியாகக் கணக்குப் போடுகிறது மண்டை. மூன்றாவது உதையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. லேசான நீலப்புகை, மணிமணியான சத்தம். அடுப்புக்கல்லின் முதல் கல்லில் ஏறினான், இரண்டாவதில் கால் வைக்காமல் திரும்பினான், மூன்றாவதன் அடியில் வண்டியை ஒரு நொடி அசையாமல் நிறுத்தி, மூச்சை இழுத்து, கிளட்ச்சைத் தட்டிவிட்டு, மேலே போய் நின்றான். காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தான். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. வீட்டுக்குப் போனதும் நன்றாகத் தேய்த்து ஒரு குளியல் போட வேண்டும், ஓட்டிவிட்டு வந்து குளிக்கிற குளியலுக்கு ஈடே இல்லை, அதனால்தானே ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிப்பதே இல்லை. குளிப்பதே இல்லை. மூன்றாவது கல்லின் மேல் நின்றபடி அவன் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். சேற்றிலும் ஆயிலிலும் புரளப் போகிறவன் எதற்கு முன்னால் ஒரு தரம் குளிக்கிறது என்று கல்யாணமான புதிதில் அவளே கேலி செய்திருக்கிறாள். தண்ணி வாத்துட்டு இருந்தீங்கல்ல என்றாளே, இன்றைக்கு மட்டும் குளித்தானா? பாத்ரூம் கதவு, வாளி, சொம்பு, எல்லாம் கண்ணில் வருகிறது, எந்த நாளின் வாளி? ஈரத்துண்டைக் கொடியில் போட்டானா? சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்தான். சோப்பு வாசம் இல்லை. இருந்திருந்தாலும் இந்த வேர்வையில், இந்தப் பெட்ரோல் நாற்றத்தில் நிற்குமா? குளிக்கவில்லை என்றால் அவள் பொய் சொல்லியிருக்கிறாள், கேனில் அவள் கையே படவில்லை, இரண்டு தரமும் ஊத்தியது அவன்தான். குளித்தான் என்றால் அவள் சொன்னது உண்மை, அவள்தான் ஊத்தியிருக்கிறாள், ஆனால் இன்று காலை தன் உடம்பின் மேல் ஊற்றிக்கொண்ட தண்ணீர் அவனுக்கு ஞாபகம் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுகிறதே இது. மறுபடி முதலிலிருந்து யோசித்தான். மறுபடியும் அங்கேதான் விட்டது.

எஞ்சினை அணைத்தான். வண்டியைக் கல்லிலிருந்து இறக்கத் தெரியாதவன் மாதிரி அங்கேயே நின்றான். அம்சவேணி கீழேயிருந்து ஏறி வந்து ஹேண்டில்பாரின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ஹெல்மெட்டைக் கழற்றிய அவன் தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. இதைக் கேட்கக் கூடாது, கேட்டுவிட்டால் பிறகு திருப்பி வாங்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் கேட்பதற்கு இந்த உலகத்தில் அவளைத் தவிர அவனுக்கு வேறு யாரும் இல்லை.

"அம்சா, நான் இன்னிக்குக் காலைல தண்ணி வாத்தனா?"

அவள் வண்டியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நாளைக்குக் காலைல டாக்டரப் பாத்துட்டு வந்துரலாமுங்க மாமா," என்றாள். "முந்தாநாளே டோக்கன் சொல்லி வெச்சுட்டேன்."